கல்லாகிப்போன புழுக்கைகள்

இந்தச் சுண்ணாம்புக்கல்லில் தெரியும் சிறு உருளைகள், கடலடிச் சேற்றில் வாழ்ந்த இறால், நண்டு இனங்கள் இட்ட எச்சம். மணல் பருக்கை அளவே இருப்பதால் வெறும் கண்ணால் இனம்பிரிக்க முடியாது.

கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். எச்சத்தின் நெடுக ஓடும் நுண்குழல்கள், குறுக்கு வெட்டில் புள்ளிகளாகத் தெரியும். விலங்கின் குடலில் உள்ள வடிகட்டி பதித்த அச்சு அது. இடமும் வலமும் ஒத்திருக்கும்.

குழலின் குறுக்கு வெட்டு வட்டமானால் அந்த எச்ச வகையின் பெயர் ஃபாவ்ரைனா. பிறை போல் வளைந்திருந்தால் பலாக்சியஸ். குழல்களின் எண்ணிக்கையும் அமைப்பும் உள்வகையைச் சொல்லும். ஜெனீவா அருகே சாலேவ் மலையில் கிடைத்தது ஃபாவ்ரைனா சாலேவென்சிஸ்.

இப்பெயர்கள் எச்சத்துக்கு உரியவை. அதை இட்ட விலங்குக்கு அல்ல.