நான்கு ஐபி முகவரிகளும் எண்ணற்ற டொமைன்களும்

185.199.108.153. இதில் மூன்றாவதாக உள்ள 108-ஐ 109, 110, 111 என்று மாற்றினால் இன்னும் மூன்று முகவரிகள் கிடைக்கும். முன்னொட்டு எதுவும் இல்லாத சொந்த டொமைனை இணையதளங்களை ஏற்றி வைக்கும் ‘கிட்ஹப் பேஜஸ்’ சேவையுடன் இணைக்க விரும்புபவர்களுக்கு கிட்ஹப் நிறுவனம் தரும் ஐபிவி4 முகவரிகள் இந்த நான்கும்தான். கல்லூரி மாணவரின் ப்ராஜெக்ட், ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் கையேடு, எழுத்தாளரின் வலைப்பூ என எல்லாமே ஒரே வாசலுக்கு வந்து சேர்கின்றன. ஆனாலும் ஒருவருடைய தளத்தைத் தேடிப் போனால் இன்னொருவருடைய தளம் திறப்பதில்லை.

டிஎன்எஸ் செய்வது பாதி வேலையைத்தான். பெயரைக் கொடுத்தால் அது ஐபி எண்ணைத் திருப்பித் தரும், அதோடு ஒதுங்கிக்கொள்ளும். எந்தப் பெயரைத் தேடி வந்தோம் என்பதை சர்வரிடம் பிரவுசர்தான் சொல்லியாக வேண்டும்.

தொடக்கத்தில் பிரவுசர்கள் அதைச் சொல்லவில்லை. 1996 மே மாதம் ஆவணமான எச்டிடிபி 1.0 முறையில், எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டாலே போதும்; எந்தத் தளத்தின் பக்கம் என்று குறிப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. கூட்டுக் குடும்ப வீட்டுக்குப் பெறுநர் பெயர் இல்லாமல் வந்த கடிதம் போலத்தான் அந்தக் கோரிக்கை. அதனால் தளத்துக்கு ஒரு ஐபி ஒதுக்க வேண்டியிருந்தது. 32 பிட் கணக்கில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான் உண்டு என்பதால், இது நெடுநாள் தாங்கும் ஏற்பாடாக இல்லை. 1997 ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1 இதற்கு வழி கண்டது. ஒவ்வொரு கோரிக்கையிலும் ‘ஹோஸ்ட்’ என்ற வரியில் டொமைன் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் 400 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த ஐபி தொகுதிகள் தீர்ந்தன. அதற்குப் பிறகும் புதுத் தளங்கள் தடையின்றிப் பிறப்பதில் இந்த ஒற்றை வரிக்குப் பெரும் பங்குண்டு.

வந்த பெயரை சர்வர் எப்படிப் பொருத்திப் பார்க்கிறது? இகோர் சிசோயேவ் 2004-இல் வெளியிட்ட ‘என்ஜின்எக்ஸ்’ மென்பொருளில் இதற்குத் தெளிவான வரிசை உண்டு. முழுப்பெயர் அப்படியே பொருந்துகிறதா என்பது முதல் சோதனை. அடுத்து, நட்சத்திரக் குறியில் தொடங்கும் பெயர்கள். பிறகு, நட்சத்திரக் குறியில் முடியும் பெயர்கள். கடைசியாக ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள். எதுவுமே பொருந்தாவிட்டால் கோரிக்கை ‘டிஃபால்ட்’ தளத்துக்குப் போய்விடும். டிஃபால்ட் எது என்று யாரும் குறிக்கவில்லையென்றால், கான்ஃபிக் கோப்பில் முதலில் இருக்கும் தளமே டிஃபால்ட். புதிதாக இணைத்த டொமைனைத் திறந்தால் முன்பின் தெரியாத வேறொரு தளம் வந்து நிற்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். அறியாத பெயரில் வருபவர்களுக்குப் பதிலே தராமல் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு டிஃபால்ட் தளத்தைத் தனியாக எழுதி வைப்பது நல்ல அட்மின்களின் வழக்கம்.

முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் அப்ளிகேஷன் என்ற அமைப்பில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கோரிக்கையைப் பின்னால் அனுப்பும்போது, என்ஜின்எக்ஸ் இயல்பாக ‘ஹோஸ்ட்’ வரியில் பின்னால் இருக்கும் சர்வரின் பெயரை எழுதிவிடும். நூறு வாடிக்கையாளர்களின் டொமைன்களை ஒரே அப்ளிகேஷன் தாங்கும் இடத்தில், வந்தவர் யாருடைய கடையைத் தேடி வந்தார் என்பதே அதற்குத் தெரியாமல் போகும். மூலப்பெயரை அப்படியே அனுப்பச் சொல்லும் ஒரு வரியை கான்ஃபிக் கோப்பில் சேர்த்தால் இது சரியாகிவிடும்.

எச்டிடிபிஎஸ்-இல் பழைய பிரச்சினை மறுபடி தலைதூக்கியது. ‘ஹோஸ்ட்’ வரி மறையாக்கத்துக்குள் வருகிறது; மறையாக்கம் தொடங்கவோ சர்வர் தன் சர்டிபிகேட்டைக் காட்டியாக வேண்டும். பெயரே தெரியாமல் யாருடைய சர்டிபிகேட்டைக் காட்டுவது? மறையாக்கத்தைத் தொடங்கி வைக்கும் ‘கைகுலுக்கல்’ உரையாடலின் முதல் செய்தியிலேயே பெயரைச் சொல்லும் எஸ்என்ஐ முறை 2003-இல் இதற்கு வழி வகுத்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி-யில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அது புரியாது. எக்ஸ்பி-க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் ஆதரவை நிறுத்தும் காலம் வரை, அந்த வாசகர்களை இழக்க விரும்பாத தளங்கள் தனி ஐபி-யை விட முடியவில்லை. 2015 டிசம்பரில் ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ இலவச சர்டிபிகேட்டுகளை எல்லோருக்கும் வழங்கத் தொடங்கியது. 2018 மே மாதம் கிட்ஹப் பேஜஸ் சொந்த டொமைன்களுக்கும் அதன் மூலம் எச்டிடிபிஎஸ் தந்தது.

தமிழில் டொமைன் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என மூன்று நாடுகளுக்குத் தமிழ் எழுத்திலேயே உயர்நிலை டொமைன்கள் உண்டு. ஆனால் பிரவுசர் ‘ஹோஸ்ட்’ வரியில் தமிழை அனுப்புவதில்லை. ‘ப்யூனிகோட்’ முறையில் ஆங்கில எழுத்துகளாகவும் எண்களாகவும் மாற்றித்தான் அனுப்புகிறது. என்ஜின்எக்ஸ் கோப்பிலும் அந்த வடிவத்தையே எழுத வேண்டும்; தமிழில் எழுதினால் பொருந்தாது, கோரிக்கை டிஃபால்ட் தளத்துக்குப் போய்விடும்.

இவை எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒரு பெரிய ஆபத்து மிஞ்சுகிறது. ஒருவர் தளத்தை நீக்கிவிட்டு டிஎன்எஸ் பதிவை மட்டும் மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய டொமைன் இன்னும் அதே நான்கு ஐபி-களைக் காட்டிக்கொண்டிருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பெயரைத் தன் தளத்துக்குரியதாகப் பதிந்தால், பெயர் ஒருவருடையது, பக்கம் இன்னொருவருடையது என்றாகிவிடும். வாசகர் நம்பி வருவது பெயரை என்பதால், மோசடிக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. இதைத் தடுக்கவே, டிஎன்எஸ்-இல் ஒரு டிஎக்ஸ்டி பதிவைச் சேர்த்து டொமைன் தன்னுடையதுதான் என்று நிரூபிக்கும் வசதியை கிட்ஹப் தருகிறது. முதலில் சேவையில் டொமைனைச் சேர்த்துவிட்டு அதன் பிறகு டிஎன்எஸ்-ஐ மாற்றச் சொல்வதும், நட்சத்திரக் குறியிட்ட டிஎன்எஸ் பதிவுகள் வேண்டாம் என்று எச்சரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தளத்தை மூடும்போது வரிசை தலைகீழ்: முதலில் டிஎன்எஸ் பதிவை நீக்க வேண்டும், அதன் பிறகே தளத்தை.