அமுக்கரா: ஒரு வேரும் பல குப்பிகளும்

மன அழுத்தத்தைத் தணிக்கும், மனநிலையைத் தெளிவாக்கும், சோர்வை நீக்கி ஊக்கம் தரும் என்ற உறுதிமொழிகளோடு விற்கப்படும் மூலிகைத் துணையுணவுகளுள் இன்று முன்வரிசையில் நிற்பது அசுவகந்தா. தமிழகத்து நாட்டுமருந்துக் கடைகளில் அமுக்கராக் கிழங்கு என்ற பெயரில் தலைமுறைகளாகக் கிடைத்துவரும் அதே வேர்தான் இது. கத்தரியும் தக்காளியும் சேர்ந்த தாவரக் குடும்பத்தைச் சார்ந்த இக்குறுஞ்செடி, மத்தியப் பிரதேசத்தின் நீமுச், மந்த்சௌர் மாவட்டங்களிலும் ராஜஸ்தானின் வறண்ட நிலங்களிலும் பெருமளவில் பயிரிடப்படுகிறது. அங்கிருந்து அது சூரணமாகவும், குளிகையாகவும், பலமடங்கு செறிவூட்டிய சாரமாகவும் உருமாறி உலகெங்கும் போகிறது. வேர் ஒன்றே என்பதால் இவை யாவும் ஒரே பொருள் என்றும், பழைய மருத்துவத்தில் வேருக்கு இருந்த நற்பெயர் புதிய குப்பிக்கும் தானாகவே உரியதாகிவிடும் என்றும் பலர் கருதுவதே இங்கு ஆராயப்பட வேண்டிய முதற்பிழை.

இத்தகைய மூலிகைகளைக் குறிக்க வழங்கும் ‘அடாப்டோஜன்’ என்னும் சொல் ஆயுர்வேதத்திலிருந்தோ சித்த மருத்துவத்திலிருந்தோ வந்ததன்று. வெப்பம், குளிர், களைப்பு, நோய் என எந்த நெருக்கடி நேர்ந்தாலும் உடல் ஏறத்தாழ ஒரே முறையில் எதிர்வினை புரிகிறது என்று ஹான்ஸ் செல்யே 1936 இல் எடுத்துரைத்தார். அவ்வெதிர்வினையைத் தாங்கும் திறனை உடலுக்குக் கூட்டும் பொருள்களைத் தேடிய சோவியத் அறிஞர் நிகொலாய் லாசரெவ் 1947 இல் இச்சொல்லை உருவாக்கினார். அவர் வழிவந்த இஸ்ரேல் பிரெக்மன், தார்திமோவ் ஆகிய இருவரும் 1969 இல் இதற்கு வரையறை வகுத்தனர்: அப்பொருள் உடலுக்குத் தீங்கற்றதாக இருக்க வேண்டும், எவ்வகை நெருக்கடிக்கும் பொதுவான எதிர்ப்பாற்றலைத் தர வேண்டும், உடலியக்கம் மிகுந்தாலும் குறைந்தாலும் அதை இயல்புநிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பன அவ்வரையறையின் கூறுகள். இதில் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்று உண்டு. தீங்கின்மை என்பது இங்கு ஆய்ந்து கண்ட முடிவாக இல்லாமல் வரையறையின் உறுப்பாகவே அமைந்துவிட்டதால், ஒரு மூலிகையை அடாப்டோஜன் என்று அழைத்த கணமே அது பாதுகாப்பானது என்ற எண்ணம், எந்தச் சோதனைக்கும் உட்படாமலே, கேட்பவர் மனத்தில் இடம்பிடித்துவிடுகிறது. சோவியத் ஆய்வாளர்கள் பெரிதும் ஆராய்ந்தது சைபீரிய ஜின்செங் போன்ற வடநிலத் தாவரங்களையே; அசுவகந்தா இவ்வரிசையில் பின்னர் சேர்க்கப்பட்டது. ஐரோப்பிய மருந்துகள் முகமையோ, இக்கருத்தாக்கம் மருத்துவக் கலைச்சொல்லாகக் கொள்ளத்தக்க அளவுக்குத் தெளிவுபெறவில்லை என்று 2008 இல் கருத்துரைத்தது.

வேர் உடலில் எவ்வாறு வேலைசெய்கிறது என்பதற்குத் தரப்படும் விளக்கம், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், அதன் கட்டளையை ஏற்கும் பிட்யூட்டரி சுரப்பி, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் ஆகிய மூன்றையும் இணைக்கும் தொடரைச் சார்ந்தது. நெருக்கடி நேரும்போது இத்தொடர் முடுக்கப்பட்டு கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. நெருக்கடி ஓயாமல் நீடித்தால் அச்சுரப்பும் நீடித்து, உறக்கமும் மனநிலையும் கெடுகின்றன. அமுக்கராவிலுள்ள விதானோலைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் இத்தொடரின் முடுக்கத்தை மட்டுப்படுத்துகின்றன என்பது ஆய்வாளர் கருத்து.

இக்கருத்துக்கு மனிதரிடம் கிடைத்த சான்று உண்மையானதே, ஆயினும் சிறியது. 2012 இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் 64 பேரில் ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு இருமுறை 300 மில்லிகிராம் வேர்ச்சாரமும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் 60 நாள்கள் தரப்பட்டன. சாரம் உட்கொண்டவர்களின் இரத்தத்தில் கார்ட்டிசால் அளவு ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது, மன அழுத்த மதிப்பெண்ணும் கணிசமாக இறங்கியது. 2019 இல் 60 பேரிடம் நடந்த வேறோர் ஆய்வில் பதற்றத்தை அளக்கும் மதிப்பெண் மருந்துப் பிரிவில் 41 விழுக்காடும் வெற்று மாத்திரைப் பிரிவில் 24 விழுக்காடும் குறைந்தது. இவ்விரண்டாம் எண்ணை விளம்பரங்கள் எடுத்துச் சொல்வதில்லை. நலம் பெற்றதாக உணர்ந்தவரின் நலத்தில் பெரும்பகுதி மருந்தாலன்றி, மருந்துண்கிறோம் என்ற நம்பிக்கையாலும், காலம் கடந்ததாலும், யாரோ ஒருவர் அக்கறையோடு விசாரித்ததாலும் வந்திருக்கக்கூடும் என்பதை அந்த எண்ணே காட்டுகிறது. 12 ஆய்வுகளையும் 1002 பேரையும் ஒருங்கே தொகுத்து 2022 இல் வெளியான பகுப்பாய்வு, மன அழுத்தமும் பதற்றமும் குறைந்ததாகக் கண்டபோதிலும், அச்சான்றின் உறுதிப்பாடு குறைவு என்றே மதிப்பிட்டது. பெரும்பாலான ஆய்வுகள் இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துவிட்டவை. ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோருக்கு அவற்றிலிருந்து விடை கிடைக்காது.

மேற்சொன்ன இரு ஆய்வுகளிலும் தரப்பட்டது ஒரே மருந்துதானா என்று கேட்பதே குப்பிகளைப் புரிந்துகொள்ளும் வழி. முதல் ஆய்வின் சாரத்தில் விதானோலைடு ஏறத்தாழ 5 விழுக்காடு. ஆகவே நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் உட்கொண்டவருக்குக் கிடைத்தது 30 மில்லிகிராம். இரண்டாம் ஆய்வில் 240 மில்லிகிராம் சாரமே தரப்பட்டது, ஆனால் அதில் விதானோலைடு வகைப் பொருள் 84 மில்லிகிராம் இருந்தது. எடையில் பாதிக்கும் குறைந்த மாத்திரை, உட்பொருளில் இருமடங்குக்கும் மேற்பட்டதாக இருக்கிறது. குப்பியின் முகப்பில் பெரிதாக அச்சிடப்படும் மில்லிகிராம் கணக்கு வாங்குபவருக்கு எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. செடியின் எந்த உறுப்பிலிருந்து சாரம் எடுக்கப்பட்டது என்பதும் இவ்வளவே முதன்மையானது. உயிரணுக்களை அழிக்கும் ஆற்றல் மிகுந்த விதாஃபெரின்-ஏ என்னும் பொருள் வேரைவிட இலையில் மிகுதி. இலையோ வேரைவிட மலிவு. மருந்து தயாரிப்பில் அசுவகந்தா இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு ஆயுஷ் அமைச்சகம் 2021 இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது.

சித்த மருத்துவத்தில் அமுக்கரா எவ்வாறு கையாளப்பட்டது என்பதை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். கிழங்கைப் பொடித்துப் பாலில் பிட்டவியலாக அவித்து உலர்த்திச் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்ப்பது மரபு. அமுக்கராச் சூரணத்தில் கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64 என்று ஒவ்வொன்றும் முன்னதன் இருமடங்காக ஏறிச்செல்ல, அவற்றோடு சர்க்கரையும் சேர்கிறது. இச்சூரணத்தைப் பாலில் கலந்து, நோயாளியின் உடல்வாகும் செரிமானமும் நோக்கி, மருத்துவர் அளவும் காலமும் குறித்துத் தருவார். உடல் மெலிவு, பலக்குறைவு, வாதப் பிணிகள், வெள்ளைப்படுதல் ஆகியவற்றுக்கே இது பெரிதும் வழங்கப்பட்டது. அலுவலகப் பணிச்சுமைக்குக் காலையில் ஒன்று, உறக்கத்துக்கு இரவில் ஒன்று என்று தன்னிச்சையாக விழுங்கப்படும் செறிந்த சாரத்தை அந்த மரபின் பெயரால் நியாயப்படுத்துவது, மரபுக்கே இழைக்கப்படும் அநீதி. சூரணம் பல நூற்றாண்டுப் பழக்கத்தைத் தன் சான்றாகக் காட்டலாம். அண்மையில் உருவான சாரத்துக்கு அந்த உரிமை இல்லை.

தீங்கு அரிதாகவே நேர்கிறது, ஆனால் நேர்கிறது. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அசுவகந்தா உட்கொண்டபின் மஞ்சட்காமாலையும் கடும் அரிப்பும் கண்ட ஐவரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 2020 இல் வெளியாயிற்று; அவர்கள் மருந்தை நிறுத்தியதும் சில மாதங்களில் தேறினர். 2023 இல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரை இன்னும் கவலைக்குரியது: அசுவகந்தாவை மட்டுமே உட்கொண்டு கல்லீரல் பாதிப்புற்ற எண்மரை அது விவரித்தது, அவர்களுள் ஏற்கெனவே நாட்பட்ட கல்லீரல் நோய் இருந்த மூவர் பிழைக்கவில்லை. தைராய்டு, பாலியல் ஹார்மோன்கள், கரு ஆகியவற்றின்மீது ஏற்படக்கூடிய விளைவுகளைக் கருதி டென்மார்க் 2023 இல் இம்மூலிகையைத் தடைசெய்தது. வேரையும் இலையையும், சூரணத்தையும் சாரத்தையும் ஒன்றாகப் பாவித்துத் தடைசெய்வது மிகை என்று கருத இடமுண்டு. எனினும் கருவுற்றோரும், கல்லீரல் நோயாளரும், உறக்க மாத்திரை, சர்க்கரை நோய் மருந்து, இரத்தக் கொதிப்பு மருந்து, நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து ஆகியவற்றில் எதையேனும் உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

சோர்வுக்காக இதை நாடுவோர், குறிப்பாகப் பெண்கள், முதலில் செய்துகொள்ள வேண்டியது எளிய இரத்தப் பரிசோதனை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். மாடியேறினால் மூச்சிரைப்பதும், பகலெல்லாம் அசதியாக இருப்பதும், எதிலும் மனம் ஒட்டாமலிருப்பதும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களாக இருக்கும்போது, அவற்றை மன அழுத்தம் என்று தாமே தீர்மானித்து அசுவகந்தா வாங்கி உண்டால் குறைபாடு அப்படியே தங்கிவிடும். தைராய்டு சுரப்புக் குறைவாலும் இதே அறிகுறிகள் தோன்றும். அங்கே சிக்கல் இன்னும் நுட்பமானது. அறிகுறி பெரிதாக வெளிப்படாத தைராய்டுக் குறைபாடு கொண்ட 50 பேரிடம் நடந்து 2018 இல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வேர்ச்சாரம் உட்கொண்டவர்களுக்குத் தைராய்டு ஹார்மோன் அளவுகள் உயர்ந்தன. இதை நற்செய்தியாகக் கொள்வோர் உண்டு. ஆனால் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை உண்ணும் ஒருவர் மருத்துவருக்குத் தெரிவிக்காமல் அசுவகந்தாவையும் சேர்த்துக்கொண்டால், பரிசோதனை முடிவில் காணும் மாற்றத்துக்கு எது காரணம் என்று அறியாமலே மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைக்க நேரும். பிறகு அவர் அசுவகந்தாவை நிறுத்தும்போது, குறைத்த மாத்திரை போதாமல் பழைய சோர்வு மீண்டும் வரக்கூடும்.