கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் கேம் கண்ட்ரோலர்: கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

கணினியில் விளையாடுவோருக்கு விசைப்பலகையும் மவுஸும் போதுமானவையே. எனினும் கார் பந்தயம், கால்பந்து போன்ற விளையாட்டுகளில் பலர் கேம் கண்ட்ரோலரையே விரும்புகின்றனர். விசைப்பலகையின் விசை, அழுத்தப்பட்டதா இல்லையா என்பதை மட்டுமே தெரிவிக்கும். கண்ட்ரோலரின் ஸ்டிக்கோ, எவ்வளவு தூரம் சாய்க்கப்பட்டது என்பதையும் தெரிவிக்கும்.

சாதாரண கண்ட்ரோலரைவிடப் பல மடங்கு விலையில், விருப்பம்போல் மாற்றியமைக்கும் வசதியுடன் வரும் கண்ட்ரோலர்கள் யாருக்குத் தேவை?

எவற்றை மாற்றலாம்?

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2019 நவம்பரில் 179.99 டாலர் விலையில் அறிமுகப்படுத்திய எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2 இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. ஸ்டிக்கின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ட்ரிகரை அழுத்த வேண்டிய ஆழத்தை மூன்று நிலைகளில் மாற்றலாம். மூன்று வகையான அமைப்புகளைக் கண்ட்ரோலரிலேயே சேமித்து வைக்கலாம். சோனி நிறுவனம் 2023 ஜனவரியில் 199.99 டாலருக்கு வெளியிட்ட டூயல்சென்ஸ் எட்ஜில், தேய்ந்த ஸ்டிக் பகுதியை மட்டும் தனியாகக் கழற்றி மாற்ற இயலும்.

பின்புற பட்டன்களின் பயன்

எலைட் கண்ட்ரோலரின் பின்புறத்தில் நான்கு கூடுதல் பட்டன்கள் உள்ளன. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் குறிபார்க்க வலது கட்டைவிரல் ஸ்டிக்கின் மீது இருக்க வேண்டும். குதிப்பதற்கு அதே விரலை எடுத்து வேறு பட்டனை அழுத்தினால், அந்த நொடியில் குறி தவறும். குதிக்கும் செயலைப் பின்புற பட்டனுக்கு மாற்றினால் விரலை எடுக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு வரம்பும் உண்டு. விண்டோஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் பயன்படுத்தும் எக்ஸ்இன்புட் என்ற முறை, எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரின் பட்டன்களை அடிப்படையாகக் கொண்டது. எனவே பின்புற பட்டன்கள் பொதுவாக முன்புற பட்டன்களின் நகல்களாகவே செயல்படும். புதிய கட்டளைகளாக அல்ல.

செலவின்றியும் மாற்றலாம்

பட்டன்களை இடம் மாற்றுவதற்கு மட்டும் புதிய கண்ட்ரோலர் தேவையில்லை. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் தளத்தில் உள்ள ஸ்டீம் இன்புட் வசதி, எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ ஸ்விட்ச் ப்ரோ கண்ட்ரோலர்களுடன் இயங்கும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி அமைப்பை இதில் உருவாக்கலாம். அசைவுணரி கொண்ட கண்ட்ரோலராக இருந்தால், அதனைச் சாய்த்தே மவுஸ் போலக் குறிபார்க்கவும் முடியும்.

சோதிப்பது எப்படி?

கண்ட்ரோலரைக் கணினியுடன் இணைத்து, விண்டோஸ் தேடல் பெட்டியில் 'செட் அப் யுஎஸ்பி கேம் கண்ட்ரோலர்ஸ்' எனத் தேடிப் பண்புகள் பக்கத்தைத் திறக்க வேண்டும். ஸ்டிக்கைத் தொடாதபோதும் திரையில் குறி தானாக நகர்ந்தால், அதுவே 'ஸ்டிக் ட்ரிஃப்ட்' எனப்படும் கோளாறு.

வழக்கமான ஸ்டிக்குகளின் உணரியில் பாகங்கள் ஒன்றோடொன்று உரசுவதால் தேய்மானம் ஏற்படுகிறது. காந்தப்புலத்தை அளக்கும் 'ஹால் எஃபெக்ட்' உணரிகளில் அந்த உரசல் இல்லை. சிறிய கோளாறு எனில், ஸ்டிக்கின் மையப் பகுதியில் ஏற்படும் நுண்ணிய அசைவுகளைப் புறக்கணிக்கும் 'டெட் சோன்' அளவைச் சற்று உயர்த்திச் சமாளிக்கலாம். அளவு கூடினால் மெல்லிய அசைவுகளும் பதிவாகாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான வாய்ப்பு

சிலருக்கு இந்த வசதி ஆடம்பரமன்று. இரு கைகளாலும் கண்ட்ரோலரைப் பிடிக்க இயலாதவர்களுக்காக, மைக்ரோசாப்ட் 2018-இல் 99.99 டாலர் விலையில் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரை வெளியிட்டது. இரண்டு பெரிய பட்டன்களுடன், பின்புறத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள 19 இணைப்புத் துளைகள் இதில் உள்ளன. காலால் மிதிக்கும் சுவிட்ச், முழங்கையால் அழுத்தும் பட்டன் என அவரவர் உடலுக்கு ஏற்ற கருவியை இவற்றில் பொருத்தலாம். விண்டோஸ் கணினியிலும் இது இயங்கும்.

ஆகவே, முதலில் கையில் உள்ள கண்ட்ரோலரை மென்பொருள் வழியாக மாற்றி, சில நாள்கள் விளையாடிப் பார்ப்பது நல்லது. விரல் எட்டாமை, ஸ்டிக்கின் இறுக்கம், பிடிமானம் போன்ற மென்பொருளால் தீராத குறை எது என்பது அப்போது தெளிவாகும். அந்தக் குறையைத் தீர்க்கும் வசதி இருந்தால் மட்டுமே கூடுதல் விலைக்குப் பொருள் உண்டு.