வாங்காத கடனுக்கு வட்டி!

மகளின் கல்லூரிப் படிப்புக்குக் கடன் கேட்டு, 2024 ஜூலையில் நானும் என் கணவரும் வங்கிக்குப் போயிருந்தோம். கம்ப்யூட்டரைப் பார்த்த மேனேஜர், "ஏம்மா, ஏற்கெனவே வாங்கின 38 ஆயிரத்தையே கட்டாம இருக்கீங்களே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிட, இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. 22 வருஷம் குடும்பம் நடத்தியவளை ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டு விட்டார்.

விசாரித்ததில், செல்போன் மூலமே கடன் தரும் ஒரு கம்பெனியில், என் பான் கார்டு, ஆதார் நகலை வைத்து யாரோ கடன் வாங்கியிருப்பது தெரிந்தது. நகல் எங்கிருந்து போயிருக்கும்? சிம் கார்டு வாங்கிய கடை, பொருட்காட்சியில் குலுக்கல் பரிசு ஸ்டால், ஜெராக்ஸ் சரியாக விழவில்லை என்று அங்கேயே விட்டு வந்த தாள்... யோசித்தால் ஊர் முழுக்க இறைத்திருக்கிறேன்!

கம்பெனிக்கு போன் செய்தால், "நீங்க வாங்கலைன்னு நீங்கதான் நிரூபிக்கணும்" என்கிறார்கள். வாங்கியதை நிரூபிக்கலாம், வாங்காததை எப்படி நிரூபிப்பது? போலீசிலோ, "உங்க பணம் ஒண்ணும் போகலையேம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, கோர்ட்டில் உள்ள இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். (பெண்களுக்கு அங்கே வருமான வரம்பே கிடையாது. 1987-ம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறதாம். எனக்கு இத்தனை நாள் தெரியாது.) தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவுப்படி, அடுத்தவர் அடையாளத்தைத் திருடினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்றார் வக்கீலம்மா. அந்தப் பிரிவைப் போட்டு மனு எழுதித் தந்தார். போலீசில் வாங்கிக் கொண்டார்கள்.

"கடன் பணத்தை எந்தக் கணக்குல போட்டாங்கன்னு கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க" என்றும் சொன்னார். கேட்டோம். நான் போயே இராத ஊரில், என் பெயரில்லாத கணக்கு! அதற்கப்புறம்தான் இறங்கி வந்தார்கள். கடன் பதிவிலிருந்து அதை நீக்க நான்கு மாதம் ஆனது. அதற்குள் மகளின் பீஸுக்காக என் வளையல்கள் அடகுக்கடை ஏறிவிட்டன.

கடன் பதிவில் தவறு என்று புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி உத்தரவு இது. அதற்கும் எழுதிப் போட்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

அமெரிக்காவில் 2018 முதல், யாரும் தன் கடன் பதிவை இலவசமாகப் பூட்டி வைக்கலாமாம். திருட்டுக் கடன் என்று உரிய ஆதாரத்துடன் புகார் செய்தால், நான்கு வேலை நாளில் அதைப் பதிவில் மறைத்துவிட வேண்டுமாம். இங்கேயும் அப்படிச் சட்டம் வரட்டும். கூடவே, கடன் வாங்கியது இன்னார்தான் என்று கொடுத்தவரே நிரூபிக்கட்டும். வீட்டில் இருக்கிற நாங்கள் ஏன் படியேறி அலைய வேண்டும்?

வருஷம் ஒருமுறை நம் கடன் பதிவை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். இந்த வருஷம் இவரே எனக்கு எடுத்துக் கொடுத்தார். இப்போதெல்லாம் ஆதார் நகலின் மேலேயே 'சிம் கார்டுக்கு மட்டும்' என்று எழுதி, தேதி போட்டுத்தான் கொடுக்கிறேன். கடைக்காரர் முறைக்கிறார். முறைக்கட்டும்!

- ஒரு வாசகி, தஞ்சாவூர்