செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி

சாப்ளினை நமக்குத் தெரியும், லாரல்-ஹார்டியைத் தெரியும். மில்டன் பெர்ல் என்ற பெயர் அந்த அளவுக்குப் பழக்கமில்லை. ஆனால் அமெரிக்க வீடுகளுக்குள் டிவிப் பெட்டி எப்படி நுழைந்தது என்று பேச உட்கார்ந்தால் இவரைத் தாண்டிப் போகவே முடியாது. 'மிஸ்டர் டெலிவிஷன்' என்றுதான் அந்த நாட்டில் அவருக்குப் பெயர். எட்டே ஆண்டுகளில் உச்சிக்கு ஏறி, இறங்கியும் விட்டார். அவரை ஏற்றியதும் இறக்கியதும் ஒரே விஷயம்தான் என்பது என் எண்ணம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்துக்கு மெதுவாகப் போவோம்.

முதலில் வோட்வில் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து, பேசும்படம் வந்து கொட்டகைகளைப் பிடித்துக்கொள்ளும்வரை, அமெரிக்க நகரங்களில் சாதாரண ஜனங்களின் பொழுதுபோக்கு அதுதான். ஒரு டிக்கெட்டுக்கு எட்டு, ஒன்பது நிகழ்ச்சிகள்: பாட்டு, ஆட்டம், மாயாஜாலம், குட்டி நாடகம், நகைச்சுவைப் பேச்சு. ஒவ்வொன்றும் பத்திலிருந்து இருபது நிமிடம். எது முன்னால், எது பின்னால் என்பதிலும் கணக்கு இருந்தது. முதலில் கரணம் அடிப்பவர்களோ, பழக்கிய மிருகங்களோ வருவார்கள். கூட்டம் வந்து உட்கார்ந்து அடங்கும்வரை மேடையில் யார் பேசினாலும் காதில் விழாதே, அதற்காக. பெரிய நட்சத்திரத்துக்குக் கடைசிக்கு முந்தைய இடம். கிழக்கே கீத்-ஆல்பி, மேற்கே ஆர்ஃபியம் என்று கொட்டகைகளைச் சங்கிலியாக வைத்திருந்த நிறுவனங்கள், கலைஞர்களை வாரம் ஒரு ஊராக ரயிலேற்றி அனுப்பின.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகைச்சுவைக் கலைஞருக்குப் பன்னிரண்டு நிமிடச் சரக்கு இருந்தால் போதும், வருஷக்கணக்கில் பிழைத்துவிடலாம். இந்த வாரம் பார்த்த ஊர் அடுத்த வாரம் பார்க்கப் போவதில்லை. அதனால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைச் செதுக்கிக்கொண்டே இருப்பார்கள். எந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நிற்க வேண்டும், எந்த இடத்தில் தொப்பி விழ வேண்டும் என்பதை நூற்றுக்கணக்கான மேடைகள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தன.

அந்தப் பள்ளியில் படித்தவர்தான் பெர்ல். 1908 ஜூலை 12 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் மெண்டல் பெர்லிங்கர். அப்பாவுக்கு நிலையான வருமானம் கிடையாது. அம்மா சாரா, பெரிய கடைகளில் திருடர்களைக் கண்காணிக்கும் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். பையன் ஐந்தாறு வயதில் சாப்ளின் வேடப் போட்டி ஒன்றில் ஜெயித்ததும், இவனிடம் ஏதோ இருக்கிறது என்று அந்த அம்மா பிடித்துக்கொண்டார். பிறகு விடவே இல்லை. மகன் ஆடும் கொட்டகையில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, சரியான இடத்தில் முதல் ஆளாகச் சிரிப்பார். ஒருவர் துணிந்து சிரித்தால் மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டுப்போகும். மகன் வளர்ந்து பெயர் வாங்கிய பிறகும் அந்தச் சிரிப்பு தொடர்ந்தது. பெர்லின் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது அடிப்படையான பாடமாகத் தெரிகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்ற வெறி அங்கிருந்துதான் அவருக்குள் வந்தது.

வயது இருபதுகளில் இருக்கும்போதே, வோட்வில்லின் உச்ச மேடையான நியூயார்க்கின் பேலஸ் தியேட்டரில் அவர் பெயர் பெரிய எழுத்தில் வந்துவிட்டது. அடுத்தவர்களின் ஜோக்கைத் திருடுகிறார் என்ற பேச்சும் கூடவே வந்தது. அவர் அதை மறுக்கவில்லை, அதையே ஜோக்காக்கி மேடையில் சொன்னார். ஆனால் ஏறிய மேடை காலடியிலேயே நழுவிக்கொண்டிருந்தது. 1932-ல் பேலஸே சினிமாக் கொட்டகையாக மாறியது. இரவு விடுதிகள், நாடகங்கள், வானொலி என்று அலைந்தார். வானொலி அவருக்குக் கைகொடுக்கவில்லை. கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி, பெண் வேடத்தில் குதிகால் செருப்போடு தடுமாறி விழுகிறவரைக் காதால் மட்டும் கேட்டு என்ன செய்வது?

1948 ஜூன் 8 அன்று என்பிசி நிறுவனம் 'டெக்சாகோ ஸ்டார் தியேட்டர்' என்ற ஒரு மணி நேர நிகழ்ச்சியை டிவியில் தொடங்கியது. பல பேரைத் தொகுப்பாளராக வைத்துப் பார்த்துவிட்டு, செப்டம்பரில் பெர்லையே நிரந்தரமாக்கினார்கள். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி. பெட்ரோல் பங்க் சீருடையில் நான்கு பேர் வந்து, விளம்பரதாரரான டெக்சாகோ கம்பெனியின் பாட்டைப் பாடுவார்கள். பிறகு பெர்ல் ஏதாவது ஒரு விபரீத உடையில் ஓடி வருவார். பின்னாலேயே கரணக்காரர்கள், பாடகர்கள், குட்டி நாடகம். செத்துப்போன வோட்வில் அப்படியே எழுந்து டிவிக்குள் வந்துவிட்டது. எல்லாம் நேரலை, தவறினால் தவறியதுதான். ஒத்திகையில் கழுத்தில் துண்டும் விசிலுமாக நின்று விளக்கு, காமிரா, இசைக்குழு எல்லாவற்றையும் அவரே அதட்டி நடத்தினார். புதிய கருவியை யாருக்கும் சரியாகத் தெரியாத அந்தக் காலத்தில், நேர ஒழுங்கு உடம்பிலேயே ஊறிய ஒருவர் கிடைத்தது என்பிசியின் அதிர்ஷ்டம்.

அப்போது டிவி யார் வீட்டில் இருந்தது? நிகழ்ச்சி தொடங்கியபோது அமெரிக்கா முழுவதும் பத்து லட்சம் பெட்டிகள்கூட இல்லை. இருந்தவற்றில் பெரும்பங்கு நியூயார்க் போன்ற கிழக்குக் கரை நகரங்களில். பெட்டி இல்லாதவர்கள் அக்கம்பக்கத்து வீட்டிலும் மதுக்கடையிலும் நின்று பார்த்தார்கள். அதாவது, முன்பு வோட்வில் கொட்டகைகளை நிரப்பிய அதே நகரத்து ஜனங்கள்தான் பெர்லின் முதல் டிவி ரசிகர்கள். அந்தப் பேச்சு வேகமும் சத்தமும் அவர்களுக்கு வீட்டுப் பழக்கம். 1950-51 பருவத்தில் நீல்சன் என்ற கணிப்பு நிறுவனத்தின் கணக்குப்படி டிவி இருந்த நூறு வீடுகளில் 61-க்கு மேல் அவரைப் பார்த்தன. 1949 மே மாதம் 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டும் ஒரே வாரத்தில் அவர் முகத்தை அட்டையில் போட்டன. பிள்ளைகளுக்கு அவர் 'அங்கிள் மில்ட்டி'.

அந்தச் செல்வாக்கை அவர் பயன்படுத்திய ஒரு தருணத்தையும் சொல்ல வேண்டும். 'ஃபோர் ஸ்டெப் பிரதர்ஸ்' என்ற கறுப்பினத்து நடனக் குழுவை மேடையேற்ற விளம்பரதாரர் தரப்பு தடை போட்டதாம். அவர்கள் ஆடாவிட்டால் நானும் இல்லை என்று இவர் நின்றுவிட்டார். எட்டு மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போதுதான் அனுமதி வந்தது என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1951-ல் என்பிசி அவரோடு 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 2,00,000 டாலர். ஆனால் வேறு அலைவரிசைக்குப் போகக்கூடாது. டிவி என்பது பெர்ல்தான், அது மாறாது என்று நம்பிப் போட்ட கையெழுத்து அது.

அந்த நம்பிக்கை இரண்டு பக்கமிருந்து உடைந்தது. முதலாவது, சரக்கு. பன்னிரண்டு நிமிடத்தை வருஷக்கணக்கில் நடத்தியவர் இப்போது வாரம் அறுபது நிமிடம் புதிதாகக் கொடுக்க வேண்டும். வருஷம் முழுக்கத் தொட்டுக்கொள்ள வேண்டிய ஊறுகாயை ஒரே பந்தியில் பரிமாறிவிட்ட மாதிரி. முப்பது ஆண்டு சேர்த்ததைச் சில பருவங்களில் டிவி தின்று தீர்த்தது.

இரண்டாவது, பார்ப்பவர்கள் மாறினார்கள். 1951 செப்டம்பரில் கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் ஒரே ஒளிபரப்பில் இணைந்தன. 1952-ல் புதிய நிலையங்களுக்கு அரசு மீண்டும் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. சிறு ஊர்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் பெட்டி போனது. வோட்வில் ருசியும் நியூயார்க் வேகமும் அவர்களுக்கு அந்நியம். கூடத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு, தங்களைப் போன்ற ஒரு வீட்டைக் காட்டிய 'ஐ லவ் லூசி' பிடித்துப்போனது. அது 1951 அக்டோபரில் தொடங்கி, மறு பருவத்திலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது. பெர்லின் அதே செவ்வாய் எட்டு மணிக்கு எதிரில் டூமாண்ட் அலைவரிசை நிறுத்தியது யாரைத் தெரியுமா? ஃபுல்டன் ஷீன் என்ற கத்தோலிக்க ஆயரை. ஒரு கரும்பலகை, ஒரு மனிதர், நேராக நம்மைப் பார்த்து நிதானமாகப் பேச்சு, அவ்வளவுதான். அதற்கும் கூட்டம் சேர்ந்தது.

அம்மா கற்றுக்கொடுத்த பாடம் இங்கேதான் தடையானது என்று நினைக்கிறேன். எதிரே இருக்கும் கூட்டத்தைச் சிரிக்க வைக்க அவருக்குத் தெரியும். பார்ப்பவர் எண்ணிக்கை கோடிகளில் இருந்தாலும், டிவிக்கு எதிரே ஒரே நேரத்தில் இருப்பது நாலைந்து பேர்தான். அவர்களுக்குக் கத்த வேண்டியதில்லை. 1952-ல் குட்மன் ஏஸ் என்ற எழுத்தாளரைக் கொண்டுவந்து பெர்லை அடக்கி, கதையோட்டமுள்ள நிகழ்ச்சியாக மாற்றிப் பார்த்தார்கள். நன்றாகவே எழுதினார்கள், ஆனாலும் சரிவு நிற்கவில்லை. 1953-ல் டெக்சாகோ விலகியது. அடுத்து வந்த ப்யூக் கார் கம்பெனியும் இரண்டு பருவங்களில் ஜாக்கி கிளீசன் என்ற இன்னொரு நகைச்சுவை நடிகரிடம் போய்விட்டது. 1956 ஜூன் 5 அன்று எல்விஸ் பிரெஸ்லியை மேடையேற்றி நாட்டையே பரபரப்பாக்கினார். அதே மாதத்தோடு நிகழ்ச்சி முடிந்தது. நாலைந்து ஆண்டு கழித்து, ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, பந்து உருட்டும் போட்டி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தார். 1965-ல் சம்பளத்தை 1,20,000 டாலராகக் குறைத்துக்கொண்டு, எங்கும் நடிக்கும் உரிமையை வாங்கிக்கொண்டார்.

இதற்குள் குணச்சித்திர வேடங்களில் அவர் தேர்ந்திருந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கூட்டம் எதிரில் இல்லாத படப்பிடிப்புத் தளத்தில் அந்தப் பரபரப்பு அடங்கி, கனமான நடிகர் ஒருவர் வெளியே வந்தார். 1961-ல் ஒளிபரப்பான, சூதாட்ட விடுதியைப் பற்றிய ஒரு டிவி நாடகத்துக்காக எம்மி பரிந்துரையும் கிடைத்தது.

நேரலையாகப் போன அந்தச் செவ்வாய்க்கிழமைகளை நாம் இன்று பார்க்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் கினஸ்கோப். டிவித் திரையின் முன்னால் ஒரு சினிமாக் காமிராவை வைத்துப் பிடித்த படச்சுருள் அது. மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு வோட்வில்காரரின் முழு வேகமும் அதில் பதிந்திருக்கிறது. 2000-ல், 91 வயதில், அந்தச் சுருள்களைத் தொலைத்துவிட்டதாக என்பிசி மீது பெர்ல் வழக்குப் போட்டார். பிறகு அவை கண்டெடுக்கப்பட்டன. 2002 மார்ச் 27 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.