நோட்டின் மீது ஒரு முத்திரை

பழைய ரூபாய் நோட்டு ஒன்றில் வழக்கத்துக்கு மாறான முத்திரை தென்பட்டால், அதை வைத்திருப்பவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, ‘இதற்கு எவ்வளவு கிடைக்கும்?’ என்பதே. தேர்ந்த சேகரிப்பாளர் கேட்பதோ, ‘இதை இட்டவர் யார்?’ என்பது. நோட்டு வெளியிடும் அதிகாரம் பெற்றவர் இட்டதானால் அது வரலாற்று ஆவணம். கடைக்காரரோ காசாளரோ இட்டதானால் பெரும்பாலும் அது கறைதான்.

அதிகார முத்திரைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு பர்மாவில் வழங்கிய நோட்டுகள். 1937ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று பர்மா இந்தியாவினின்று நிர்வாக அளவில் பிரிக்கப்பட்டது. அந்நாட்டுக்கெனத் தனி நோட்டுகள் ஆயத்தமாகும் வரை, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உருவம் தாங்கிய இந்திய நோட்டுகளின் மீதே ‘பர்மாவில் மட்டும் சட்டப்படி செல்லத்தக்கது’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் மேலச்சிட்டு வழங்கினர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945இல், ஆறாம் ஜார்ஜ் நோட்டுகளில் ‘பர்மா இராணுவ நிர்வாகம்’ என்ற வாசகம் ஏறியது. 1947இல் அவ்விடத்தை ‘பர்மா நாணய வாரியம்’ பிடித்தது. பத்தாண்டுக் காலத்தில் மூன்று ஆட்சி நிலைகளை மூன்று வரிகள் காட்டிவிடுகின்றன! பர்மாவில் வாணிகமும் வட்டித் தொழிலும் செய்து திரும்பிய நகரத்தார் குடும்பங்களின் பழம்பெட்டிகளில் இத்தகைய நோட்டு கிடைக்குமானால் அதில் வியப்பில்லை. சாதாரண இந்திய நோட்டு என்று கருதி அதை ஒதுக்கிவிடலாகாது.

நாட்டுப் பிரிவினையின் சுவடு இன்னும் நுட்பமானது. 1948 ஜூலையில் பாகிஸ்தான் ஸ்டேட் வங்கி செயல்படத் தொடங்கும் வரை, அந்நாட்டின் நாணயப் பொறுப்பையும் நம் ரிசர்வ் வங்கியே வகித்தது. அக்காலத்தில் வெளியான இந்திய நோட்டுகளின் நீர்க்குறிப் பகுதியில், மேலே ஆங்கிலத்தில் ‘பாகிஸ்தான் அரசாங்கம்’ என்ற பொருளிலும், கீழே உருதுவில் ‘ஹுகூமத்-ஏ-பாகிஸ்தான்’ என்றும் இடம்பெற்றன. கையொப்பங்கள் மட்டும் இந்திய அதிகாரிகளுடையனவாகவே நீடித்தன. இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வாசகங்கள் பின்னர் இட்ட முத்திரைகள் அல்ல. அச்சுத் தகட்டிலேயே செதுக்கப்பட்டவை. முன்பக்கத்தில் மட்டுமே காணப்படுபவை. ஆகவே, ரப்பர் முத்திரையால் இதே சொற்களைப் பதித்த நோட்டு எவர் கையிலிருந்து வந்தாலும் ஐயத்துக்குரியது.

போலி முத்திரையை இனங்காண ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். புழங்கிய நோட்டின் மடிப்புகளில் காகித இழை பிய்ந்திருக்கும். பழைய மேலச்சானால் மடிப்பு நெடுகிலும் மையும் சேர்ந்தே உதிர்ந்திருக்கும். மை பிய்ந்த இழைக்குள் இறங்கி ஊறியிருந்தால், மடிப்பு விழுந்த பின்னரே முத்திரை இடப்பட்டது என்று பொருள். அவ்வாறே, அழுக்கின் மேல் பளபளக்கும் மையும் நம்பத்தக்கதன்று. மேலச்சு ஏற்ற தொடரில், உரிய கையொப்பத்துடன் கூடிய நோட்டில்தான் அமைந்திருக்கிறதா என்பதை விவரப் பட்டியல் நூல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

இனி, தனியார் முத்திரைகள். கடைப் பெயர், காசாளர் முத்திரை, பேனாக் கிறுக்கல் ஆகியவை சேகரிப்பாளர் பார்வையில் நோட்டின் தரத்தைக் குறைப்பவை. ஒருபக்கம் மட்டும் அச்சான பத்தொன்பதாம் நூற்றாண்டு நோட்டுகளின் வெற்றுப் பின்புறத்தில் காணும் எழுத்துகளைச் சிலர் சுவையுடன் ஆராய்வதுண்டு; அது விதிவிலக்கு. இன்றைய நோட்டில் எழுதுவதும் முத்திரையிடுவதும் ரிசர்வ் வங்கியின் தூய நோட்டுக் கொள்கைக்கு முரணானவை. அரசியல் அல்லது சமயச் செய்தி தாங்கிய முத்திரை நோட்டில் இருப்பின், நோட்டுத் திருப்பளிப்பு விதிகளின்படி மாற்றுக் கோரிக்கையே நிராகரிக்கப்படும். அரிய பொருள் என்று எண்ணி இத்தகைய நோட்டை விலைகொடுத்து வாங்குவோர், முகமதிப்பையும் இழக்க நேரிடும்.

தொடர் எண்ணின் நடுவே நட்சத்திரக் குறி கொண்ட நோட்டுகள் பற்றியும் பலர் வினவுகின்றனர். அச்சில் பழுதான நோட்டுக்கு மாற்றாகக் கட்டில் சேர்க்கப்படுவதே அது. 2006 முதல் வழக்கில் உள்ளது. ஏனைய நோட்டுகளைப் போன்றே செல்லத்தக்கது என்று 2023இல் ரிசர்வ் வங்கி விளக்கமளித்தது. புழங்கிக் கசங்கிய நட்சத்திர நோட்டுக்கு இலட்சங்கள் தருவதாக வரும் விளம்பரங்களை நம்புவதற்கில்லை.

அவ்விளம்பரங்களின் உள்நோக்கம் பெரும்பாலும் நோட்டை வாங்குவதன்று. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டி, ‘கமிஷன்’ என்றும் ‘வரி’ என்றும் விற்பவரிடமே முன்பணம் பறிக்கின்றனர். பழைய நோட்டு, நாணய விற்பனையில் தனக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. இதற்காக எவரிடமும் கட்டணம் கேட்பதுமில்லை. எவருக்கும் அந்த அதிகாரத்தை அளிக்கவுமில்லை என்று அவ்வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துள்ளது. விற்க விரும்புவோர் ஒருவரது மதிப்பீட்டோடு நில்லாமல், அறியப்பட்ட ஏல நிறுவனங்களின் முந்தைய விற்பனை விலைகளைப் பார்ப்பது நலம்.

அதுவரை நோட்டை இஸ்திரி போடுவதும், கழுவுவதும், ஒட்டுநாடாவால் ஒட்டுவதும் வேண்டா. கறைபடிந்த இயல்பு நிலையிலுள்ள நோட்டுக்குத் தரும் விலையை, ‘சுத்தம்’ செய்த நோட்டுக்குச் சேகரிப்பாளர் தருவதில்லை. பிவிசி உறைகளைத் தவிர்த்து, பாலியெஸ்டர் உறையில் மடிக்காமல் வைத்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் பேணுதல் போதுமானது.