பல கரங்கள் கூடிக் காக்கும் உயிர்

நோய் ஒன்றாயினும், அதனைத் தீர்க்கும் கரங்கள் பலவாகும். மருத்துவர், தாதியர், மருத்துவச்சி, மருந்தாளர் ஆகியோர் ஒருவரையொருவர் மதித்துப் பணியாற்றும்போதுதான் நோயாளி நலம் பெறுகிறார். இதற்குப் பேராக் மாநிலத்திலேயே சீரிய சான்று உண்டு.

ஈப்போ, புருஸ்டர் சாலையில் (இன்றைய சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை) டாக்டர் ஏ. சி. கார்த்திகேசுவும், தாதியும் மருத்துவச்சியுமான அவர்தம் துணைவியார் சிபில் கார்த்திகேசுவும் 1926 முதல் மருத்துவ நிலையம் நடத்தி வந்தனர். ஜப்பானியர் படையெடுப்பின்போது அக்குடும்பம் அருகிலுள்ள பாப்பான் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு ஏழை எளியோருக்கும், காட்டிலிருந்து மறைவாக வந்த எதிர்ப்புப் படையினருக்கும் அம்மையார் மருந்தளித்துப் பராமரித்தார். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டபோது மருத்துவர் கைகொடுத்தார். 1943இல் இருவரும் கைதாகினர். கொடிய சித்திரவதைக்கு உள்ளாகியும் அம்மையார் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், அக்காயங்களின் விளைவாக 1948 ஜூனில் பிரிட்டனில் காலமானார். ஈப்போவில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரப்பர்த் தோட்டங்களிலும் இத்தகைய கூட்டுப்பணியே நிலவியது. மருத்துவர் குறிப்பிட்ட நாளில் வந்து செல்வார். அன்றாடம் லயத்து மக்களைக் கவனித்தவர்கள் டிரசரும் மருத்துவச்சியுமே ஆவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின், மக்கள் தாமான்களில் குடியேறி அரசாங்கக் கிளினிக்குகளை நாடலாயினர்.

அங்கும் அதே ஒழுங்கினைக் காணலாம். கர்ப்பிணிகளின் பதிவேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என அபாய நிலைக்கேற்ப வண்ணக் குறியிடப்படுகிறது. சிவப்பெனில் தாயை உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். கிராமத்துத் தாதி காலத்தே கண்டு குறித்தால்தான் மருத்துவமனை நிபுணரின் திறமை அத்தாய்க்குப் பயன்படும்.

நீரிழிவு நோயாளிகளுக்கும் இது பொருந்தும். மாத்திரையுடன் நாட்டு மருந்தும் உட்கொள்ளும் முதியவர் அதனை மறைத்தால், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குமீறித் தாழ்ந்து மயக்கம் நேரலாம். தாதியிடமும் மருந்தாளரிடமும் அதனைக் கூறுவது மருத்துவரிடம் கூறுவதற்கு ஒப்பாகும். "பெரிய டாக்டரிடம் மட்டுமே சொல்வேன்" என்னும் எண்ணம் நம்மவர்களிடையே மறைய வேண்டும்.

தேரை ஒருவர் இழுப்பதில்லை. வடம் பிடிப்போர் அனைவரும் ஒருசேர இழுத்தால்தான் அது நிலைக்கு வந்து சேரும். நோயாளியும் அவர்தம் குடும்பத்தாரும் அவ்வடத்தைப் பற்றிக்கொள்வார்களாயின், பல உயிர்கள் காக்கப்படும் என்பது திண்ணம்.